ஜெர்மானியச் சிறுநகரத் தன்னார்வத் தீயணைப்புப் படைத் தலைவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் சிறுநகரங்களில் தீ அணைப்பது பெரும்பாலும் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்களின் வேலை. நாடு முழுவதும் ஏறக்குறைய 10 லட்சம் பேர் இப்படித் தொண்டாற்றுகிறார்கள். நிலையத்துச் சுவரிலும் ஆண்டுவிழா மலரிலும் படையின் தலைவர்கள் வரிசை ஒன்று கட்டாயம் இருக்கும். அந்த வரிசையைத் தொகுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தவர்களும், ஏற்கெனவே இருப்பதைச் சரிபார்க்க நினைப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

"தலைவர்" என்று யாரை எழுதுவது? ஒரே ஆண்டுக்கு இரண்டு பெயர் கிடைக்கிறதே?

இரண்டு பெயரும் சரியாகவே இருக்கலாம். பல ஊர்களில் ஒரே ஆட்கள் இரண்டு அமைப்புகளில் இருக்கிறார்கள். ஒன்று நகராட்சியின் தீயணைப்புப் படை. அதை நடத்துபவர் கொமாண்டான்ட். மற்றொன்று அந்தப் படையைச் சுற்றி உள்ள பதிவு பெற்ற சங்கம். அதற்குத் தலைமை தாங்குபவர் ஃபோர்சிட்செண்டர், அதாவது சங்கத் தலைவர். தீ விபத்தில் உத்தரவு கொடுப்பவர் முன்னவர். விழா, கொடி, சந்தா, கணக்கு ஆகியவை பின்னவர் பொறுப்பு. இரண்டு பதவியும் ஒருவரிடமே இருந்த காலமும் உண்டு, பிரிந்திருந்த காலமும் உண்டு.

ஆகவே முதல் வேலை, தாளை இரண்டு பத்தியாகப் பிரிப்பது. இதைச் செய்யாமல் எல்லாப் பெயரையும் ஒரே வரிசையில் போட்ட பட்டியல்கள் ஏராளம். 1920-களில் சங்கத் தலைவர் பெயர், 1950-களில் படைத் தலைவர் பெயர் என்று நடுவில் தடம் மாறியிருக்கும். படிப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

பட்டப்பெயரும் மாநிலத்துக்கு மாநிலம், காலத்துக்குக் காலம் மாறும். 19-ஆம் நூற்றாண்டில் ஹவுப்ட்மான், கொமாண்டான்ட், ஓப்மான், 1930-களிலிருந்து வேர்ஃபூரர், கிழக்கு ஜெர்மனியில் வேர்லைட்டர், இன்றைய கீழ் சாக்சனியில் ஓர்ட்ஸ்பிராண்ட்மைஸ்டர். மூல ஆவணத்தில் எந்தப் பட்டம் இருக்கிறதோ அதையே எழுதுங்கள். எல்லோரையும் "கொமாண்டான்ட்" ஆக்கிவிட்டால், பதவியின் தன்மை எப்போது மாறியது என்ற தடயமே போய்விடும்.

படை தொடங்கிய ஆண்டையே ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

மூன்று தேதிகள் மோதிக்கொள்ளும்: தொடக்கக் கூட்டம் நடந்த நாள், சங்க விதிகளை அதிகாரிகள் ஏற்ற நாள், முதல் பயிற்சி நடந்த நாள். குளிர்காலத்தில் கூட்டம் நடந்து, அடுத்த ஆண்டுக் கோடையில்தான் பம்பு வந்து பயிற்சி தொடங்கியது என்றால் ஓர் ஆண்டு வித்தியாசம் வந்துவிடும். கூட்டம் நடந்த நாளைத் தொடக்கமாகக் கொண்டு, மற்ற இரண்டையும் பக்கத்தில் குறித்துவிடுவது நல்லது. 25-ஆம் ஆண்டு விழாவை ஊர் எப்போது கொண்டாடியது என்றும் பாருங்கள். தொடக்கத்தில் இருந்தவர்கள் அப்போது உயிரோடிருந்தார்கள்; அவர்கள் ஏற்றுக்கொண்ட ஆண்டுக்கு மதிப்பு அதிகம்.

தன்னார்வப் படைக்கு முன்பும் ஊரில் தீ அணைத்தார்கள். நகராட்சியின் தீ ஒழுங்குவிதிப்படி வீட்டுக்கு ஒரு தோல் வாளி வைத்திருக்க வேண்டும், மணி அடித்தால் ஓடிவர வேண்டும். அந்தக் கட்டாயப் பணிக்கு நகர்மன்றம் நியமித்த பிராண்ட்மைஸ்டர்களைத் தன்னார்வப் படைத் தலைவர்கள் வரிசையில் சேர்க்கக் கூடாது. தனித் தலைப்பில், "முன்னோடிகள்" என்று வைக்கலாம். ஊரின் பெருமைக்காக ஆண்டைப் பின்னுக்குத் தள்ளும் ஆசை இங்கேதான் புகும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில ஆண்டுகள்: மைசன் நகரில் 1841-இல் தன்னார்வ அணைப்பு மற்றும் மீட்புக் குழு உருவானது. டுர்லாக் நகரில் 1846-இல் நகரக் கட்டடக் கலைஞர் கிறிஸ்டியான் ஹெங்ஸ்ட் ஒரு குழுவை அமைத்தார். 1847 பிப்ரவரி 28 அன்று கார்ல்ஸ்ரூஹ அரண்மனை நாடக அரங்கு எரிந்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பக்கத்து ஊரான டுர்லாக்கிலிருந்து அந்தக் குழுதான் ஒழுங்காக வந்து நின்று, தீ பரவாமல் தடுத்தது. தென்மேற்கு ஜெர்மனியில் அடுத்தடுத்துப் படைகள் தோன்றியதற்கு அந்த இரவு பெரிய காரணம். உங்கள் ஊர் 1840-க்கு முன்பே தன்னார்வப் படை வைத்திருந்ததாக மலர் சொன்னால், கட்டாயப் பணியோடு குழப்பியிருக்கிறார்களா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

முதல் தலைவர்கள் ஏன் பெரும்பாலும் வணிகர், கட்டட மேஸ்திரி, உடற்பயிற்சிச் சங்கத்துக்காரர்?

அந்தக் காலத்துப் படைகளில் பல, டுர்னர் எனப்படும் உடற்பயிற்சிச் சங்கங்களின் பிள்ளைகள். கம்பத்தில் ஏறவும் வரிசையில் நிற்கவும் உத்தரவுக்கு ஒரே சமயத்தில் அசையவும் பழகிய இளைஞர்கள் அங்கேதான் இருந்தார்கள். உல்ம் நகரின் கொன்ராட் டீட்ரிக் மாகிருஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: வணிகர், டுர்னர். 1847-இல் உல்மில் படை அமைத்தார். 1850-இல் தீயணைப்பு முறைகள் பற்றிய நூலை வெளியிட்டார். 1853-இல் ப்ளோகிங்கனில் வூர்ட்டம்பெர்க் படைகளின் பொறுப்பாளர்களைக் கூட்டினார். 1864-இல் தன் பெயரில் தீயணைப்புக் கருவித் தொழில் தொடங்கினார். ஹைடல்பெர்கில் 1842-இல் பம்புப் பட்டறை தொடங்கிய கார்ல் மெட்ஸும் இதே வகை. பம்பை விற்றதோடு நிற்காமல், அதை இயக்கப் பயிற்சி பெற்ற குழு வேண்டும் என்று ஊர் ஊராக வலியுறுத்தினார்.

டுர்னர் சங்கங்களில் 1848 புரட்சியின் பக்கம் சாய்ந்தவர்கள் நிறைய. புரட்சி அடக்கப்பட்ட பின் சில குழுக்கள் கலைக்கப்பட்டன, சிலரை அதிகாரிகள் கண்காணித்தார்கள். உங்கள் பட்டியலில் 1849-க்கும் 1850-களின் நடுப்பகுதிக்கும் இடையில் பெயரில்லாமல் இருந்தால், ஏடு தொலைந்ததாக உடனே முடிவு கட்ட வேண்டாம். மாநில ஆவணக் காப்பகத்தில் காவல்துறைக் கோப்புகளைக் கேட்டுப் பாருங்கள்.

தொழிலைப் பார்த்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்ததற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. மணி அடித்தவுடன் வேலையைப் போட்டுவிட்டு வரக்கூடியவராக இருக்க வேண்டும். கூரைக்காரர், தச்சர், கொத்தனார் ஆகியோருக்கு உயரம் பழக்கம். கட்டடம் எங்கே சரியும் என்பதும் தெரியும். அதனால் ஏறும் பிரிவான ஷ்டைகரில் அவர்கள் இருந்தார்கள். அந்தப் பிரிவை நடத்தியவரே பின்னர் தலைவராக உயர்வது வழக்கம். ஒவ்வொரு பெயருக்கும் தொழிலைக் கட்டாயம் குறியுங்கள். தேதியை விடத் தொழில் அதிகம் சொல்லும் இடங்கள் இருக்கின்றன.

கைப்பம்பு காலத்தில் தலைவர் சரியாக என்ன செய்தார்?

ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்தார். நகரக் கைப்பம்பின் இரு பக்கக் கம்பிகளையும் 8 முதல் 16 பேர் வரை மாறி மாறி அழுத்துவார்கள். முழு வேகத்தில் சில நிமிடம்தான் தாங்கும்; பிறகு நீரின் வீச்சு விழுந்துவிடும். வீச்சு விழுவதற்கு முன்பே அடுத்த குழு கம்பியைப் பிடிக்க வேண்டும். இதற்கு வேண்டிய ஆட்கள் ஏறுபவர்களை விடப் பல மடங்கு அதிகம் என்பதால்தான் பழைய ஆள்பதிவேடுகளில் "பம்புப் பிரிவு" அவ்வளவு நீளமாக இருக்கிறது. ஏறும் பிரிவு, பம்புப் பிரிவு, பொருட்களை மீட்டுக் காவல் காக்கும் பிரிவு, கூட்டத்தை ஒதுக்கும் பிரிவு என நான்காகப் பிரிப்பது பரவலான வழக்கம்.

உத்தரவு ஊதுகொம்பில் போகும். எரியும் வீட்டின் இரைச்சலில் குரல் எட்டாது. ஊதுபவர் தலைவரின் அருகிலேயே நிற்பார். பழைய குழுப் படங்களில் தலைவரை அடையாளம் காண இது உதவும்.

தண்ணீர்தான் பெரிய தலைவலி. உறிஞ்சு ஹோஸ் இல்லாத பம்புக்கு வாளிச் சங்கிலி வேண்டும். உறிஞ்சு ஹோஸ் இருந்தாலும் இயற்கை ஒரு வரம்பு வைத்திருக்கிறது: கோட்பாட்டளவில் சுமார் 10 மீட்டர், நடைமுறையில் 7.5 மீட்டர் ஆழத்துக்கு மேல் உறிஞ்ச முடியாது. ஹோஸை இணைக்கும் கப்ளிங் ஒன்றில் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் காற்று புகுந்து பம்பு வெறுமனே சுற்றும். பழைய அறிக்கைகளில் "பம்பு மறுத்தது" என்று வந்தால் பாதிக் கதை இதுவாகவே இருக்கும்.

ஒரு தலைவர் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை, கப்ளிங் மாற்றினார் என்று மட்டும் குறிப்பு இருக்கிறது. இதை எழுத வேண்டுமா?

அவசியம் எழுதுங்கள். ஹோஸ்களை இணைக்கும் கப்ளிங் ஊருக்கு ஊர் வெவ்வேறு மரையில் இருந்த காலத்தில், உதவிக்கு வந்த பக்கத்து ஊர்ப் படை தன் ஹோஸை மாட்ட முடியாமல் நின்றது. கார்ல் ஆகஸ்ட் கீடோ ஷ்டோர்ட்ஸ் 1882-இல் கண்டுபிடித்த கப்ளிங்கின் இரு பாதிகளும் ஒரே மாதிரி. ஆண், பெண் பாகம் என்ற வேறுபாடு இல்லை. அதைச் சீரான அளவுகளில் நாடு முழுவதும் ஏற்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. தன் காலத்தில் எல்லா ஹோஸையும் மாற்ற நகர்மன்றத்திடம் பணம் வாங்கிய தலைவர், பெரிய தீயை அணைத்தவரை விட அதிக வீடுகளைக் காப்பாற்றியிருக்கலாம். நகர்மன்றக் குறிப்பேட்டில் செலவு அனுமதியைத் தேடினால் ஆண்டு துல்லியமாகக் கிடைக்கும்.

மோட்டார் பம்பு வந்த பிறகு பதவி எப்படி மாறியது?

ஆட்படையை நடத்துபவர் என்ற நிலையிலிருந்து கணக்குப் போடுபவர் என்ற நிலைக்கு. சிறுநகரங்களிலும் கிராமங்களிலும் பல பத்தாண்டுகள் ஆண்ட கருவி TS 8/8 எனக் குறிக்கப்படும் சுமக்கும் பம்பு: நான்கு பேர் தூக்கலாம், 8 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 800 லிட்டர் தரும். பெயரில் உள்ள இரண்டு 8-உம் இவைதான். சி அளவு பீச்சுகுழல் முனைத்தொப்பியோடு நிமிடத்துக்கு சுமார் 100 லிட்டரும், தொப்பி கழற்றினால் 200 லிட்டரும் எடுக்கும். பி அளவுக் குழல் 400, 800. ஆக ஒரே பம்பில் தொப்பி கழற்றிய நான்கு சி குழல்கள் ஓட்டினால் வரம்பு முடிந்தது. ஐந்தாவதை மாட்டச் சொல்லும் தலைவர் எல்லாக் குழல்களின் வீச்சையும் கெடுக்கிறார்.

பி ஹோஸ் 75 மில்லிமீட்டர் விட்டம், 20 மீட்டர் நீளம். 800 லிட்டர் ஓடும்போது 100 மீட்டருக்கு 1 பாருக்குச் சற்று மேல் இழப்பு. 10 மீட்டர் மேடு ஏறினால் இன்னொரு 1 பார். குன்றின்மேல் உள்ள பண்ணை வீட்டுக்கு ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுபோக நடுவில் இரண்டாவது பம்பு வேண்டுமா என்பதைத் தலைவர் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட கணக்குத் தாள்கள் நிலையத்து அலமாரியில் கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். யாருடைய கையெழுத்து என்று கண்டுபிடித்து அந்தத் தலைவரின் பெயரோடு சேருங்கள்.

ஆள் தேவையும் சுருங்கியது. இன்றைய அடிப்படை அலகான க்ரூப்பே, தலைவரோடு சேர்த்து 9 பேர்: குழுத் தலைவர், பம்பு இயக்குநர், தகவல் கொண்டு செல்பவர், இருவர் கொண்ட மூன்று அணிகள்.

1933 முதல் 1945 வரை உள்ள பெயர்களை என்ன செய்வது? பல பட்டியல்களில் அந்த ஆண்டுகளையே காணோம்.

விட்டுவிடக் கூடாது. இந்தப் பட்டியல் முழுவதிலும் கவனமாக எழுத வேண்டிய பகுதி இதுதான். பலர் ஒரே வரியில் கடந்து போவதும் இதைத்தான்.

நடந்தது இது. பிரஷ்யாவில் 1933 டிசம்பரில் வந்த தீயணைப்புச் சட்டம் தன்னார்வப் படைகளைக் காவல்துறை மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்களிலும் தலைமைக் கோட்பாடு, அதாவது எல்லாம் மேலிருந்து வரும் ஆணைப்படி என்ற நாஜி முறை, நுழைந்தது. 1938 நவம்பர் 23 தேதியிட்ட நாடுதழுவிய சட்டம் சங்கங்களுக்கு முடிவுகட்டி, தன்னார்வப் படையைத் துணைக் காவல் படை ஆக்கியது. தேர்தல் போய் நியமனம் வந்தது. புதிய வண்டிகளுக்குக் கரும்பச்சை நிறம் வந்ததும் இதன் தொடர்ச்சிதான்.

ஆகவே ஒவ்வொரு தலைவருக்கும் "யார் அமர்த்தினார்" என்ற ஒரு பத்தி கட்டாயம் தேவை என்பது எங்கள் உறுதியான கருத்து. உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்களா, நகர்மன்றம் ஒப்புதல் தந்ததா, மேலிடம் நியமித்ததா? வெறும் பெயரும் ஆண்டும் மட்டும் இருந்தால், 1932-இல் கைதூக்கி வாக்களித்து வந்தவரும் 1939-இல் ஆணையால் வந்தவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். ஒரே ஆள் இரண்டு காலத்திலும் தொடர்ந்திருந்தால் அதையும் இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள்.

யூத உறுப்பினர்கள் படைகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஆள்பதிவேட்டில் 1933-க்குப் பின் காரணமின்றி அடிக்கப்பட்ட பெயர்களைத் தேடிப் பாருங்கள். 1938 நவம்பர் 9, 10 தேதிகளில் யூதர் தொழுகைக் கூடங்கள் கொளுத்தப்பட்டபோது, பல ஊர்களில் படைகள் கூடத்தை எரியவிட்டு அண்டை வீடுகளை மட்டும் பாதுகாத்தன. உங்கள் ஊரில் தொழுகைக் கூடம் இருந்ததென்றால், அன்று படைக்கு யார் தலைவர், என்ன உத்தரவு வந்தது, என்ன செய்தார்கள் என்பதைப் போருக்குப் பிந்தைய விசாரணைக் கோப்புகளில் தேடாமல் அந்தத் தலைவரின் குறிப்பை எழுதி முடிக்காதீர்கள். கோப்பு சொல்வதை மட்டும் எழுதுங்கள். வாய்வழிக் கதையில் அன்று எல்லோரும் வெளியூரில் இருந்திருப்பார்கள்.

ஒருவர் கட்சி உறுப்பினரா என்று எங்கே பார்ப்பது?

நாஜிக் கட்சியின் உறுப்பினர் அட்டைகள் பெர்லின்-லிக்டர்ஃபெல்டேயில் உள்ள கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த நபர் இறந்து 10 ஆண்டு கடந்திருந்தால், இறந்த ஆண்டு தெரியாவிட்டால் பிறந்து 100 ஆண்டு கடந்திருந்தால், மற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். பெயரோடு பிறந்த தேதியும் வேண்டும். ஒரே பெயரில் பலர் வருவார்கள். அமெரிக்க ஆளுகைப் பகுதியில் 1946 மார்ச் சட்டப்படி நடந்த ஷ்ப்ருக்காமர் (நாஜித் தொடர்பை விசாரித்த மன்றம்) விசாரணைக் கோப்புகள் மாநிலக் காப்பகங்களில் உள்ளன. முதன்மைக் குற்றவாளி முதல் குற்றமற்றவர் வரை ஐந்து வகை. தீர்ப்பின் வகையை மட்டும் எடுத்துப் போடாமல் உள்ளே இருக்கும் சாட்சியங்களையும் படியுங்கள். ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்த நற்சான்றுகள் அதில் நிறைய; எல்லாவற்றையும் அப்படியே நம்ப முடியாது.

1945-க்குப் பின் ஓரிரு ஆண்டுக்கு மூன்று, நான்கு பெயர் வருகிறதே?

இயல்பானதுதான். கட்சிக்காரராக இருந்த தலைவர் நீக்கப்பட்டார். கைக்குக் கிடைத்தவர் தற்காலிகமாக வந்தார். போர்க்கைதி முகாமிலிருந்து இன்னொருவர் திரும்பினார். பிறகு தேர்தல் நடந்தது. சில ஊர்களில் நீக்கப்பட்டவரே விசாரணை முடிந்து மறுபடி வந்தார். தற்காலிகப் பொறுப்பாளர்களையும் "தற்காலிகம்" என்ற குறிப்போடு பட்டியலில் வைத்திருங்கள். கிழக்குப் பகுதியில் படைகள் மக்கள் காவல்துறையின் வழிகாட்டலுக்குள் போயின. அங்கே 1990-தான் அடுத்த பெரிய திருப்பம்.

இன்று எல்லா ஊரிலும் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்களா?

இல்லை. தீயணைப்பு மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது. பவேரியாவில் படையினர் 6 ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாவட்டத் தீயணைப்பு அதிகாரியைக் கலந்து நகராட்சி உறுதிசெய்ய வேண்டும். பாடன்-வூர்ட்டம்பெர்கில் 5 ஆண்டு. நகர்மன்ற ஒப்புதல் தேவை. கீழ் சாக்சனியில் படை முன்மொழிய, நகர்மன்றம் 6 ஆண்டுக்குக் கௌரவ அரசு அலுவலராக நியமிக்கிறது. வடக்கு ரைன்-வெஸ்ட்பாலியாவில் படையின் கருத்தைக் கேட்டபின் நகர்மன்றம் நியமிக்கிறது.

ஆக ஒரே பதவிக்கு மூன்று தேதிகள்: வாக்களித்த நாள், உறுதிசெய்த நாள், பொறுப்பை ஒப்படைத்த நாள். ஆண்டுப் பொதுக்கூட்டம் ஜனவரி முதல் மார்ச் வரையில் வருவதால், முந்தையவர் டிசம்பரோடு முடித்தாரா மார்ச்சோடு முடித்தாரா என்று குழம்பும். பொறுப்பை ஏற்ற நாளைத் தொடக்கமாக எடுத்து, பட்டியலின் அடியில் அதைச் சொல்லிவிடுங்கள். எந்த விதி என்றாலும் சரி, பாதியில் மாற்றாதீர்கள்.

தலைவர் ஆக என்ன பயிற்சி?

2012 பதிப்பின் நாடுதழுவிய பயிற்சி விதியில் குறைந்தபட்ச மணிக்கணக்கு இப்படி: அடிப்படைப் பயிற்சி முதல் பகுதி 70, இரண்டாம் பகுதி 80, அணித் தலைவர் 35, குழுத் தலைவர் 70, அதற்கு மேல் ட்சுக்ஃபூரர் (குழுவை விடப் பெரிய அலகை நடத்துபவர்) 70, "படைத் தலைவர்" பாடம் 35. மூச்சுக்கருவி 25, ரேடியோ 16. எல்லாம் வேலை, குடும்பம் போக மிச்ச நேரத்தில். சிறுநகரப் படைக்கு ட்சுக்ஃபூரர் படிப்பு கட்டாயமா என்பது படையின் அளவைப் பொறுத்தது. படிப்பு முடியாதவரைத் தேர்ந்தெடுத்து, கெடுவுக்குள் முடிக்கும்படி சொல்வது வழக்கம்; கெடு தவறினால் பதவி கேள்விக்குள்ளாகும். ஓர் ஆண்டோடு நின்றுபோன தலைவர்கள் சிலருக்குப் பின்னால் இருப்பது சண்டை அல்ல, இந்தக் கெடுதான்.

1970-களில் பட்டியல் இரண்டாக உடைகிறது. எதனால்?

மேற்கு ஜெர்மனியில் 1960-களின் இறுதி முதல் 1970-கள் வரை சிற்றூர்களைப் பெரிய நகராட்சிகளோடு இணைத்தார்கள். அதுவரை தனிப் படையாக இருந்தது ஒரு பிரிவாக மாறியது. மேலே முழு நகராட்சிக்கும் ஒரு தலைவர் வந்தார். பவேரியாவில் இணைந்த ஊர்களின் படைகள் பெரும்பாலும் தனித்தனியாகவே நீடித்தன. இணைப்பு நடந்த ஆண்டில் கோடு போட்டு, அதன் கீழ் பிரிவுத் தலைவர் வரிசையும் நகராட்சித் தலைவர் வரிசையும் தனித்தனியே ஓடட்டும்.

பெயர்களை எங்கே தேடுவது?

சங்கத்தின் கூட்டக் குறிப்பேடு முதலில். அதோடு ஆள்பதிவேடு, கணக்குப் புத்தகம் அதைவிடவும் நல்லது. குறிப்பேட்டில் அழகாக எழுதுவார்கள், கணக்கில் உள்ளதை எழுதுவார்கள்: விலகிய தலைவருக்கு வாங்கிய பரிசு, இறந்தவருக்கு மலர்வளையம், தேதியோடு. அடுத்து நகர்மன்றக் குறிப்பேடுகள், நகரக் காப்பகத்தில். பிறகு வட்டார நீதிமன்றத்தின் சங்கப் பதிவேடு. 1900 முதல் உள்ளது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் சங்கத் தலைவர் பெயர்தான் இருக்கும், படைத் தலைவர் பெயர் இருக்காது என்பதை மறக்க வேண்டாம். உள்ளூர் நாளிதழின் மறைவுச் செய்திகளும் உதவும். இறப்புப் பதிவேடுகள் 30 ஆண்டு, திருமணம் 80, பிறப்பு 110 கடந்தால் காப்பகத்துக்கு வந்துவிடும்.

ஆண்டுவிழா மலரை வழிகாட்டியாக எடுங்கள், சான்றாக எடுக்காதீர்கள். 50-ஆம் ஆண்டு மலரின் பிழையை 75, 100, 125 எல்லாம் நகலெடுத்திருக்கும். நான்கு மலர் ஒரே ஆண்டைச் சொன்னால் அது நான்கு சான்று ஆகாது.

பழைய கையெழுத்து படிக்க முடியவில்லை.

20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி வரை குர்ரென்ட் எழுத்து, அதன் பிற்கால வடிவமான ஸுட்டர்லின். 1941-இல் அரசு ஆணையால் பள்ளிகளில் கைவிடப்பட்டது. வளர்ந்தவர்கள் அதற்குப் பின்னும் பழக்கத்தில் எழுதினார்கள். சிறிய "ஈ" (e) எழுத்து "என்" (n) போல இருக்கும். "யு" (u) மேல் ஒரு வளைவு இருக்கும், அதை வைத்துத்தான் "என்" என்பதிலிருந்து பிரிக்க வேண்டும். குடும்பப் பெயர்கள் தவறாகப் படிக்கப்படுவது இங்கேதான். அதே பெயரை அச்சிட்ட விளம்பரத்திலோ கல்லறைக் கல்லிலோ ஒப்பிடுங்கள்.

மாதங்களில் ஒரு பொறி உண்டு. 7-ஐ எழுதிப் பக்கத்தில் "பெர்" என்று இருந்தால் அது செப்டம்பர், ஜூலை அல்ல. 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர்.

ஒரே ஆள் 45 ஆண்டு தலைவராக இருந்ததாக வருகிறது. நம்பலாமா?

பிறந்த தேதியைப் பாருங்கள். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெயர் வைப்பது சாதாரணம். இருவரும் அடுத்தடுத்துத் தலைவராக இருந்தால் பட்டியலில் ஒருவராகிவிடுவார்கள். குறிப்பேட்டில் "மூத்தவர்", "இளையவர்" என்ற சுருக்கக் குறி விடுபட்டிருக்கும். கையொப்பங்களை வரிசையாக வைத்தால் கை மாறிய ஆண்டு தெரிந்துவிடும். பதவி விட்ட பின் கொடுத்த கௌரவத் தலைவர் பட்டத்தையும் பதவிக்காலத்தோடு கூட்டிவிடுவது இன்னொரு காரணம்.

பெண்கள் பெயர் ஏன் இல்லை?

இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்களும் ஹிட்லர் இளைஞர் அமைப்பின் சிறுவர்களும் பம்பை இயக்கினார்கள். போர் முடிந்ததும் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செயற்படையில் அவர்கள் மறுபடி பரவலாகச் சேர்ந்தது பல பத்தாண்டுகள் கழித்துத்தான். தலைவர் வரிசையில் இல்லாவிட்டாலும், 1943–45 காலத்து ஆள்பதிவில் உள்ள பெண்களின் பெயர்களை அந்தக் காலத் தலைவரின் குறிப்பின் கீழ் சேர்க்கலாம்.

படங்களை வெளியிடலாமா? சீருடையில் ஸ்வஸ்திகா இருக்கிறது.

அரசியலமைப்புக்கு எதிரான அமைப்புகளின் சின்னங்களைப் பயன்படுத்துவதைக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு தடைசெய்கிறது. வரலாறு, கல்வி, ஆய்வு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. தலைவர்கள் சுவரில் விளக்கமின்றி மாட்டிய படத்துக்கு அந்த விலக்கைக் காட்டுவது கடினம். ஆண்டு, இடம், யார் நியமித்தது ஆகியவற்றோடு உரையின் நடுவில் வைத்தால் நிலைமை வேறு. சின்னத்தை அழித்து, ஒன்றுமே இல்லாததுபோல் வெளியிடுவதை மட்டும் செய்யாதீர்கள். மறைக்கத்தான் வேண்டுமென்றால் மறைத்தது தெரியும்படி மறையுங்கள்.

படத்தில் இருப்பவர் இறந்து 10 ஆண்டு ஆகாவிட்டால் நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும். படம் எடுத்தவரின் உரிமை தனி: கலைத்தன்மை உள்ள படத்துக்கு அவர் இறந்து 70 ஆண்டு வரை, சாதாரணப் படத்துக்கு வெளியிட்டு 50 ஆண்டு வரை. ஊர் ஸ்டூடியோவின் முத்திரை பின்புறம் இருக்கும். ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.

உயிரோடிருக்கும் முன்னாள் தலைவர்களைப் பற்றி எவ்வளவு எழுதலாம்?

பெயர், பதவி, ஆண்டு, படையில் செய்த வேலை ஆகியவை போதும். பிறந்த தேதி, முகவரி, உடல்நிலை, விலகியதற்கான சொந்தக் காரணம் ஆகியவற்றை அவர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் போடுங்கள். தரவுப் பாதுகாப்பு விதி உயிரோடிருப்பவர்களுக்குத்தான் பொருந்தும் என்றாலும், அண்மையில் இறந்தவரின் வீட்டாரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வெளியிடுவது நல்லது. பெரும்பாலும் அப்போதுதான் அட்டைப்பெட்டி நிறையப் பழைய படங்களும், தொலைந்துபோனதாக எல்லோரும் நினைத்த குறிப்பேடும் வெளியே வரும். வாங்கினால் ரசீது எழுதிக் கொடுங்கள், பக்கத்துக்குப் பக்கம் ஸ்கேன் செய்யுங்கள், மூலத்தை நகரக் காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். நிலையத்து அலமாரியில் வைக்காதீர்கள். ஈர ஹோஸ் காயும் கட்டடத்தில் காகிதம் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.